கோயில் வளைவு தாண்டாத விலாசம்

அவர் தனக்குக் குடை பிடித்து நான் பார்த்ததில்லை. மழை கொட்டும்போது குடை தோளில் தொங்கும் பைக்குத்தான். ஒரு பக்கம் தொப்பலாக நனைந்து லயத்து வாசலில் வந்து நிற்பார். "உள்ள வாங்கண்ணே, இப்படி நனைஞ்சிருக்கீங்க" என்றால், "நான் காஞ்சுருவேன் புள்ள, கடுதாசி காயாது" என்பார்.

தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் தபால் அண்ணன். அரசாங்கத் தபால்காரர் இல்லை. ஹட்டன் டவுன் தபாலகத்தில் எங்கள் தோட்டத்துக்கென்று வந்து சேரும் கடிதங்களைப் பையில் வாங்கிக்கொண்டு மலையேறி வருகிற தோட்டத்து ஆள். எங்கள் லயங்களுக்கு, அந்த நீள வரிசை வீடுகளுக்கு, வீட்டு இலக்கமோ தெருப் பெயரோ கிடையாது. பெயர், மேல்கணக்கு, தோட்டத்தின் பெயர். அதோடு விலாசம் முடிந்தது. மேல்கணக்கு என்றால் தோட்டத்தின் மேல்பிரிவு. அதில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். முன்பெல்லாம் அந்தப் பை நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போகும். யாருக்காவது நினைப்பு வந்தால் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நினைப்பு வராவிட்டால் மேசை லாச்சியில், இழுப்பறைக்குள், கிடக்கும்.

அவருக்கு வந்த கடிதம் ஒன்றும் அப்படிக் கிடந்திருக்கிறது. இருபது வயதில் ஏதோ அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி வந்த கடிதம். அது அவர் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து பத்து நாள். சண்டை போட்டாரா, அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் கொஞ்ச காலத்தில் அதே ஆபீசில் போய், தபால் பை தூக்குகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எந்தக் கடிதமும் அந்த லாச்சியைப் பார்க்கவில்லை.

"கையில குடுத்தாத்தான் குடுத்தது" என்பது அவர் வாயிலிருந்து நாளுக்கு நாலு தடவை வரும். பக்கத்து வீட்டில் கொடுக்க மாட்டார், கதவுக்குக் கீழே தள்ள மாட்டார். கடிதத்துக்குரியவர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தால் அந்த மலைக்கே ஏறிப் போவார். நிரை முடிகிற இடத்தில் நின்று, அந்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டு வரும்வரை காத்திருப்பார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவார். அதன் பிறகு அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று யார் கேட்டாலும் "மறந்துபோச்சே" என்பார். ஒரு தடவை கங்காணியின் மனைவி பக்கத்து வீட்டுக் கடிதத்தைப் பற்றி வாயைக் கிண்டிப் பார்த்தாள். "வெள்ளைக் காயிதம், நீல மை" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

கடிதம் என்று இல்லை, எதையுமே இன்னொருவர் பொறுப்பில் விட அவருக்கு மனம் வராது. ஹட்டனில் அவர் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில், முஸ்லிம் முதலாளி, நானா என்றுதான் கூப்பிடுவோம், எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "பைய வச்சிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வாங்க தம்பி, நான் என்ன திண்டுருவேனா?" இவர் சிரித்துக்கொண்டே பையோடு போய் டீ குடித்துவிட்டு, பையோடு திரும்பி வருவார். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் கேலி செய்திருக்கிறோம். பெண்சாதியையாவது மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வருவீர்களா என்று நானே கேட்டிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நாற்பது வயதைத் தாண்டியபிறகு அவருக்குக் கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தது. காரணமும் கடிதம்தான். பிள்ளைகள் எல்லாம் கொழும்புக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தோம். கடிதம் வரும், ஆள் இருக்காது. அறை பூட்டிக் கிடக்கும். யாரிடமும் கொடுக்க மாட்டார் என்பதால் அவர் பையிலேயே கிடந்து ஓரம் மடங்கும். கடிதம் வந்திருக்கிறது என்பதையாவது உரியவருக்குத் தெரியப்படுத்த வேண்டும், ஆனால் ஊருக்கே தண்டோரா போடக்கூடாது. இதுதான் அவர் மண்டையைக் குடைந்தது. நானா தன் கடையில் வைத்திருந்த பழைய லேப்டாப்பை வாங்கினார். தமிழில் சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்து ஒரு வருடம் மாரடித்தார். கடைசியில் செய்தும் விட்டார்.

அது ஒரே ஒரு பக்கம். மேலே 'மேல்கணக்கு கடிதங்கள்' என்று இருக்கும். கீழே பெயர், கடிதம் வந்த தேதி. யார் அனுப்பினார்கள் என்பது இருக்காது, அது அவருடைய சட்டம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அது எத்தனை தடவை தொட்டுப் பார்க்கப்பட்டது என்று ஒரு எண் ஓடும்.

நான் லீவில் போயிருந்தபோது அதைக் காட்டினார். சிம் போட்ட ரவுட்டர் ஒன்று அவர் வீட்டு ஜன்னலில் பச்சையாய் மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் பாஸ்வேர்டை மூன்று லயத்துக்கும் கொடுத்திருந்தார். "கடுதாசி பாக்கத்தானே, எல்லாரும் போட்டுக்கட்டும்." வெறும் எண்ணும் புள்ளியுமாக இருந்த ஒரு விலாசத்தை என் போனில் அடிக்கச் சொன்னார். அடித்தேன், வந்தது. எதிர் வீட்டிலும் வந்தது, லயத்துக் கடைசி அறையிலும் வந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஹோஸ்டிங்னு ஒண்ணு சொல்றாங்க புள்ள" என்றார். "வெளிநாட்டுல எவனோட மிசின்லயோ நம்ம சனத்துப் பேரையெல்லாம் கொண்டுபோய் வைக்கணுமாம். சொந்தமா மிசின் இல்லாதவனுக்கு அது சரி. நம்ம வீட்டிலயே நல்லா ஓடும்போது எதுக்கு ஊரான் வீட்டு லாச்சியில வைக்கணும்?"

எனக்கு அப்போது ஹோஸ்டிங்கும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. சரிதானே என்று தலையாட்டினேன். அந்த எண் விலாசம் அவர் வீட்டு ரவுட்டருக்குள் மட்டும் செல்லுபடியாகிற ஒன்று. அதன் வைஃபை எட்டுகிற இடத்தில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பக்கம் திறக்கும். இது எங்கள் இருவருக்குமே தெரியாது. அவர் தன் போனுக்கு டேட்டா போடுகிறவரும் இல்லை. வீட்டில் வைஃபை இருக்கும்போது அது எதற்கு? லேப்டாப்பை மட்டும் இரவும் பகலும் மூடவே மாட்டார். மூடினால் பக்கம் தூங்கிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் அப்போது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றேன். அப்பா இல்லை. அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். எங்கள் லயத்து அறைக்குப் பூட்டுத்தான் காவல். தோட்டப் பாடசாலை ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். அது கிடைத்தால் அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுவிடலாம். எங்கள் வீட்டின் மொத்தக் கனவும் அந்த ஒரு கடிதத்தில் இருந்தது. அது தபால் அண்ணனுக்கும் தெரியும்.

நான் கொழும்பு திரும்பிய மூன்றாம் நாள் போன் எடுத்துக் கூப்பிட்டார். கடையில் கூட்டம். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, கொழும்புல தெரியுதா?"

முதல் நாள் மாலையே அடித்துப் பார்த்திருந்தேன். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு திறக்க முடியவில்லை என்று வந்தது. தெரியவில்லை என்று சொன்னால் அரை மணி நேரம் கேள்வி கேட்பார். எந்தப் போன், என்ன அடித்தாய், எங்கே புள்ளி வைத்தாய் என்று. மனமும் கேட்கவில்லை, ஒரு வருடம் மாரடித்த மனுஷன்.

"தெரியுதுண்ணே. நல்லா இருக்கு."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். இனிமே போன் எடுக்காதீங்கண்ணே, கடையில ஏசுறாங்க. நான் தினம் அதுலயே பாத்துக்கிறேன்."

இவ்வளவுதான் நான் சொன்னது. என்ன இருந்தாலும் கடிதம் வந்தால் கூப்பிட்டுச் சொல்லாமல் இருப்பாரா என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அவரைப் பற்றி அவ்வளவு தெரிந்திருந்தும் அப்படி நினைத்தேன். போன் எடுக்காதே என்று ஒரு பெண் சொன்னபிறகு எடுக்கிற ஆள் இல்லை அவர்.

கடிதம் வந்தது. என் பெயரைப் பக்கத்தின் முதல் வரியில் போட்டிருக்கிறார். ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், காத்திருக்கிறார். லீவு போட்டு வந்து வாங்கிக்கொள்வேன் என்று சனிக்கிழமை கடைசி பஸ் வரைக்கும் டவுனில் நின்றிருக்கிறார். ஞாயிறும் நின்றிருக்கிறார். நேர்முகம் செவ்வாய்க்கிழமை காலை கொழும்பில். திங்கள் அன்று பொறுக்க மாட்டாமல் மூன்று தடவை எனக்குப் போன் எடுத்திருக்கிறார். அன்று நான் கடையில் நின்று போன் பேசியதிலிருந்து, வேலை நேரத்தில் எங்கள் போன்களை முதலாளி வாங்கி மேசை லாச்சிக்குள் போட ஆரம்பித்திருந்தார். என் போன் அங்கே கிடந்து அடித்திருக்கிறது. வேலை முடிந்து எடுத்துப் பார்த்தேன். மூன்று அழைப்பு. திரும்பக் கூப்பிட்டால் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் பேசுவார், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

அதற்குள் அவர் கடிதத்தோடு பஸ் ஏறியிருந்தார். அடைமழை. கொழும்புப் பாதையில் கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்து பாதை மூடிவிட்டது. போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. விடியும்வரை பஸ்ஸிலேயே இருந்து, சரிந்த மண்ணைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் வேறு பஸ் பிடித்துப் புறக்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது செவ்வாய் மதியம் இரண்டு மணி.

கடை வாசலில் முழங்கால் வரை சேறோடு நின்றார். பொலித்தீனுக்குள் பொலித்தீன் சுற்றியிருந்த கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பிரித்தேன். தேதியைப் பார்த்தேன், நேரத்தைப் பார்த்தேன்.  அத்தனை பேர் பார்க்கக் கத்தினேன்.

"முதல்லயே ஒரு போன் பண்ணியிருக்கலாம்லண்ணே! ஒரே ஒரு போன்!"

"நீதானே புள்ள எடுக்க வேணாம்ன. அதுலயே பாத்துக்கிறேன்ன. பதினோரு தடவை பாத்திருக்கிறதாக் காட்டுச்சே. நீதான்னு நெனச்சேன்."

லயத்துப் பெண்கள் ஆசையில் திறந்து திறந்து பார்த்த எண் அது. முதலாளியிடம் கெஞ்சி என் போனை வாங்கி, அவர் கண்ணெதிரே அந்த எண்களை அடித்துக் காட்டினேன். வட்டம் சுற்றியது. அவர் போனை வாங்கி, ஈர விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்துத் தானே மூன்று முறை அடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்குத் தெரிஞ்சிச்சுன்னியே?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போனது போனதுதான், அவரையாவது விட்டிருக்கலாம். ஆனால் கடை முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் கத்தியும் முடித்திருந்தேன். கத்தியவள் எப்படித் தப்பு என்னுடையது என்று சொல்வது?

"அன்னைக்குத் தெரிஞ்சிச்சு. இப்பத்தான் வரல. நீங்க என்னத்தையாவது மாத்தியிருப்பீங்க."

அவர் யோசித்தார். அவருக்கு முகம் மெல்ல மெல்ல விழுந்தது.

"மாத்தினேன் புள்ள. எழுத்தப் பெருசாக்கினேன். கடுதாசி வந்ததும் உம் பேரச் சிவப்பாக்கினேன், ஒடனே கண்ணுல படட்டும்னு."

சாப்பிடச் சொன்னேன், இருக்கவில்லை. சேற்றுக் காலோடு போய்விட்டார். மறுநாள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நேர்முகம் நடந்த இடத்துக்குப் போய்க் கேட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அம்மா இன்னும் மூன்று வருடம் குவைத்தில் இருந்தார்.

ஆறாத ஆத்திரத்தில்தான் நான் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தேன். பிறகு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. இன்று நான் செய்கிற வேலையே மற்றவர்களின் பக்கங்களை எங்கிருந்தும் தெரியும்படி ஏற்றி வைப்பதுதான். அவருடைய பக்கத்தில் என்ன பிழை என்பது படிக்க ஆரம்பித்த மூன்றாம் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. எதையும் மாற்றியதால் வந்த பிழை அல்ல. முதல் நாளிலிருந்தே அது கொழும்பில் தெரிந்திருக்கவே முடியாது. ஒரு போன் எடுத்து இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் பார்த்ததாகச் சொன்னது என்னவாகும்? அந்த வெட்கத்தில் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன்.

ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது வீட்டுக்கு வந்தார். தோளில் கடிதப் பைக்குப் பதிலாக லேப்டாப் பை. நெஞ்சு வலிக்கென்று ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார், ஆள் பாதியாகியிருந்தார். டீ கொடுத்தேன்.

"வேலையெல்லாம் எப்படி புள்ள?"

"நல்லா இருக்குண்ணே."

"கம்ப்யூட்டர் வேலைன்னாங்க."

"ஆமாண்ணே."

பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். இப்போது கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தார். "அம்மாவ நல்லாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, பையைத் திறக்காமலே போய்விட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. 

அடுத்த வருடம் மாசியில், டவுனிலிருந்து ஏறி வரும்போது வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதோடு முடிந்துவிட்டது. பையில் ஏழு கடிதம் இருந்ததாம். அவர் மனைவி, நாங்கள் அண்ணி என்று கூப்பிடுவோம், முப்பதாம் நாள் காரியம் முடிவதற்குள் ஏழையும் வீடு வீடாகப் போய்க் கையில் கொடுத்து முடித்தாராம்.

காரியத்துக்குப் போனபோது அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டார். ஜன்னலோரம் லேப்டாப் திறந்தபடியே இருந்தது. மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தார்.

"மூட வேணாம்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் மூடல. நீ படிச்ச புள்ள, என்னா ஏதுன்னு பாரு. இந்தக் கொப்பியையும் பாரு. எனக்குக் கண்ணாடி போட்டாலும் இவரு எழுத்து வெளங்கல."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற, கோடு போட்ட சாதாரணக் கொப்பி. கடிதங்களைக் குறித்து வைக்கிற அதே பொடி எழுத்து. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, "சத்தமா வாசி" என்றார்.

வாசித்தேன். அன்னைக்குக் கொழும்பில் தெரிந்தது, அதற்குப் பிறகு என்ன மாற்றினேன், என்று முதல் பக்கத்தின் மேலே எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். எழுத்தைப் பழையபடி சின்னதாக்கினேன். சிவப்பை எடுத்தேன். முழுக்க அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ரவுட்டரைக் கூரைக்குக் கீழே கட்டினேன். திரும்பவும் முழுக்க எழுதினேன். இப்படியே பக்கம் பக்கமாக மூன்று வருடத்துக்கும் மேல் போகிறது. நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, இல்லாத பிழை ஒன்றைத் தேடியிருக்கிறார்.

கொப்பியின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அந்தத் தீபாவளிக்கு முந்திய கிழமை எழுதியது.

"இன்னைக்குப் போனுக்கு டேட்டா போட்டு, கையில வச்சிக்கிட்டே நடந்து பார்த்தேன். லயத்துக்குக் கீழ, பாதையில கோயில் வளைவு தாண்டினதும் தெரியல. ஹட்டனிலயும் தெரியல. நானா கடையில அவர் போனில் பார்த்தேன், அதிலயும் தெரியல. ரவுட்டர் எட்டுற தூரம்தான். முதல்லயிருந்தே இப்படித்தான். வெளி மிசினில வைக்கிறதைத் தவிர வேற வழியில்ல. வைப்போம், பரவாயில்ல. வழி தெரியல. சொல்லித்தரக் கூடியது புள்ள ஒண்ணுதான்."

அதோடு நிறுத்திக்கொண்டேன். கீழே இன்னும் மூன்று வரி இருந்தது. கண் அதில் ஓடி முடித்துவிட்டது, விரலை அதன்மேல் வைத்து மறைத்தேன்.

"இன்னும் இருக்குல்ல?" என்றார் அண்ணி. "விரல எடு. வாசி."

விரலை எடுத்தேன்.

"கேட்டா, அன்னைக்குத் தெரிஞ்சிச்சுன்னு அது சொன்னது பொய்யாப் போயிரும். புள்ள மனசு நோகும். கேக்க வேணாம்."

 வெளியே காரியத்துக்கு வந்தவர்கள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அண்ணி லேப்டாப் மேலிருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்குக் கொழும்புல தெரியலையா புள்ள?"

அண்ணன் அன்றைக்குக் கேட்ட அதே கேள்வி. கடையில் கூட்டம் இல்லை, முதலாளி இல்லை, எனக்கு எந்த அவசரமும் இல்லை.

"தெரியல அண்ணி" என்றேன்.